கேட்கிறது, விளங்கவில்லை

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த தோமஸ் பார் என்ற காது வைத்தியர் 1886 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். முந்நூறு பேரின் செவிப்புலனை அவர் ஒரு கடிகாரத்தைக் கொண்டு அளந்திருந்தார். அவர்களுள் நூறு பேர் கொதிகலன் செய்யும் தொழிலாளர். நூறு பேர் இரும்பு வார்ப்போர். எஞ்சிய நூறு பேர் தபாற்காரர். கடிகாரத்தின் 'டிக் டிக்' ஒலி எவ்வளவு தூரம்வரை காதுக்கு எட்டுகிறது என்பதே சோதனை. கொதிகலன் தொழிலாளர் நூறு பேரில் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை. பொதுக்கூட்டத்துக்குப் போனால் மேடையில் பேசுவது சரிவரக் கேட்பதில்லை என்றோர் அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். தபாற்காரரிடையே அத்தகையோர் மிகச் சிலரே.

தபாற்காரரை அவர் சேர்த்துக்கொண்டதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தெருவில் நடந்து திரியும் சாதாரண மனிதனின் காது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா, கொதிகலனுக்குள் புகுந்திருந்து ஆணியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பவனின் காதுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல முடியும்? ஒப்பிடுவதற்கு ஒன்று வேண்டும். இக்கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவதும் ஏறத்தாழ இதுதான்.

பாருக்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழில்சார் நோய்களைப் பற்றி முதன்முதலில் முறையாக நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி, வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் சுத்தியலின் ஓயாத ஓசையால் செவிடாவதைக் குறித்துவைத்தார். ஆகவே சத்தம் காதைக் கெடுக்கும் என்பது முந்நூறு ஆண்டுப் பழைய செய்தி. அப்படியிருந்தும், தொழிலாளி ஒருவர் செவிப்புலன் பரிசோதனைக் கருவியை வாழ்க்கையில் முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் அவர் ஓய்வு பெற்று, காது போய், பிள்ளைகளின் ஏச்சுத் தாங்காமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லப்படும் நாளில்தான். பரிசோதனை தவறான முனையில் நடக்கிறது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஆசிரியபீடம் மேல்மாடியில், சுழல் அச்சு இயந்திரம் கீழே. நள்ளிரவுக்குப் பின் முதற்பக்கத்தில் ஏதேனும் மாற்றம் என்றால், இரவுக் கடமையில் இருக்கும் உதவி ஆசிரியர் கீழே ஓடவேண்டும். அந்த மண்டபத்தின் கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதும். காகிதம் வெட்டி மடிந்து விழும் பகுதிதான் மிக மோசம். இத்தகைய இயந்திரங்களின் மடிப்புப் பகுதியருகே 90 டெசிபெலுக்கு மேல் பதிவாவது அச்சுத்தொழிலில் அறியப்பட்ட விடயம். எங்கள் மண்டபத்தில் அதை அளந்தவர் எவருமில்லை. அங்கு வேலை செய்தவர்கள் கையசைவில் பேசிக்கொண்டார்கள். 'நிறுத்து' என்பதற்கு ஒரு சைகை, 'மை குறைவு' என்பதற்கு ஒன்று, 'மேலேயிருந்து ஆள் வந்திருக்கிறான்' என்பதற்கு ஒன்று. அந்தக் கடைசிச் சைகை அவ்வளவு மரியாதையானதன்று. சிலர் காதில் பஞ்சை அடைத்திருப்பார்கள். பஞ்சு கிடைக்காதவர்கள் பத்திரிகைத் தாளையே கசக்கி அடைத்துக்கொள்வார்கள். பஞ்சால் பெரிய பயன் எதுவுமில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகளின் பின்னரே தெரிந்தது.

அங்கு மேற்பார்வையாளராக இருந்தவரை நாங்கள் 'போர்மன் அண்ணை' என்று அழைப்போம். வலிகாமத்துக்காரர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இயந்திரத்தோடு கழித்தவர். இயந்திரத்தின் ஓசையில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும், எந்த உருளையில் கோளாறு என்று தொலைவிலிருந்தே சொல்லிவிடுவார். அத்தகைய காது. அவர் ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள் வெள்ளவத்தையில் அவரது மகளின் வீட்டில் சந்தித்தேன். அவருக்குக் கேட்பது குறைவு என்று மகள் சொல்லியிருந்ததால் நான் உரத்துப் பேசினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தம்பி, ஏன் கத்திறீர்? எனக்குக் கேக்குது. விளங்கேல்லை."

இந்த நோயின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எந்த வைத்தியரும் எனக்குச் சொன்னதில்லை.

உட்காதில் நத்தைச்சுருள் என்றோர் உறுப்பு உண்டு. அதற்குள் ஏறத்தாழ பதினையாயிரம் மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியதிர்வை நரம்புக்கு உரிய செய்தியாக மாற்றுபவை அவையே. மிகையான சத்தம் நீண்ட காலம் தாக்கும்போது இவை மடிகின்றன. பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை (எங்கள் பாடப்புத்தகங்களில் 'மீடிறன்') ஒட்டிய பகுதி. ஆகவே சத்தத்தால் பாதிக்கப்பட்டவரின் செவிப்புலன் வரைபைப் பார்த்தால், தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு ஓரளவு நேராகச் சென்று, 4,000 இல் கிணற்றுக்குள் விழுந்து, 8,000 இல் சற்றே மேலேறும். முதுமையால் வரும் குறைபாட்டில் பொதுவாக இந்த மேலேற்றம் இராது. கோடு இறங்கிக்கொண்டே போகும். ஆனால் கவனிக்கவும்: ஆண்டுகள் செல்லச் செல்ல, முதுமையின் இறக்கம் அந்தக் கிணற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். அறுபது வயதில் எடுக்கும் வரைபில் எது இயந்திரம் தந்தது, எது வயது தந்தது என்று பிரித்தறிவது நிபுணருக்கே சிரமம்.

இனி, 'கேக்குது, விளங்கேல்லை' என்பதற்கு வருவோம். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருக்கின்றன. மெய்யொலிகளை, விசேடமாக வல்லெழுத்துகளை, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. கடை, சடை, தடை, படை என்று நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். போர்மன் அண்ணையின் காதுக்கு நான்குமே ஏறத்தாழ 'அடை'தான். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். ஆணா பெண்ணா என்பது தெரியும். கோபமா சிரிப்பா என்பதுகூடத் தெரியும். சொல் மட்டும் வந்து சேராது. நாம் குரலை உயர்த்தும்போது உயிரொலிகள்தான் மேலும் பெருக்கின்றன. அவருக்கு அது இரட்டைத் துன்பம். அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவராக ஓரளவு சமாளிப்பார். கலியாண வீட்டில், செத்த வீட்டில், நாலுபேர் சேர்ந்து பேசும் எந்த இடத்திலும் அவர் தனித்துப்போவார். மெல்ல மெல்ல அங்கே போவதையே விட்டுவிடுவார். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பழமொழி சொல்லிச் சிரிக்கும் சமூகம் நாங்கள். அந்தச் சங்கு அவருக்கு நன்றாகக் கேட்கும். அவருக்குக் கேளாதது பேரப்பிள்ளை கேட்கும் கேள்வி.

டெசிபெல் என்ற அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கலைப்பட்டதாரியாகிய எனக்கு மடக்கை என்றாலே பள்ளிக்கூடக் காலத்துப் பயம். ஆயினும் இதை விளங்கிக்கொள்ளாமல் சட்டங்களை விளங்கிக்கொள்ள முடியாது. டெசிபெல் மடக்கை அளவு. மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி இருமடங்காகிறது. 85 இலிருந்து 88 என்பது தாளில் அற்ப வித்தியாசம். காதுக்கு இருமடங்குச் சுமை. எனவே 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம் வேலை செய்யலாம் என்றால், 88 இல் நான்கு மணித்தியாலமே செய்யலாம். 91 இல் இரண்டு. 100 இல் வெறும் பதினைந்து நிமிடம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் பரிந்துரைப்பது இந்தக் கணக்கைத்தான். ஆனால் அதே நாட்டின் சட்ட எல்லையோ எட்டு மணித்தியாலத்துக்கு 90 டெசிபெல்; ஐந்து டெசிபெல் கூடினால்தான் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கின்படி 100 டெசிபெலில் இரண்டு மணித்தியாலம் நிற்கலாம். ஒரே நாடு, ஒரே காது. விஞ்ஞானி பதினைந்து நிமிடம் என்கிறார், சட்டம் இரண்டு மணித்தியாலம் என்கிறது. இடையிலுள்ள ஒரு மணித்தியாலமும் நாற்பத்தைந்து நிமிடமும் தொழிலாளியின் கணக்கில் எழுதப்படுகின்றன.

எனினும் அதே அமெரிக்கச் சட்டத்தில் மெச்சத்தக்க ஒன்று உண்டு. எட்டு மணித்தியாலச் சராசரி 85 டெசிபெலையோ அதற்கு மேலோ எட்டும் இடத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், ஆறு மாதத்துக்குள் அவருக்கு அடிப்படைப் பரிசோதனை செய்யவேண்டும். பின்னர் ஆண்டுதோறும் பரிசோதித்து அதனோடு ஒப்பிடவேண்டும். 2,000, 3,000, 4,000 ஹேர்ட்ஸில் சராசரி 10 டெசிபெல் இறங்கியிருந்தால், 21 நாட்களுக்குள் அதை அவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அடிப்படைப் பரிசோதனைக்கு முந்திய 14 மணித்தியாலம் அவர் வேலைத்தலச் சத்தத்தில் இருந்திருக்கக்கூடாது, அல்லது காதுக்காப்பு அணிந்திருக்கவேண்டும்.

அந்த 14 மணித்தியால விதி ஏன் முக்கியம்? சத்தத்தில் நின்று வெளியே வந்ததும் காது மந்தமாவதும், மறுநாட் காலையில் தெளிவதும் அனைவரும் அறிந்த அனுபவம். அது தற்காலிக இறக்கம். வேலை நடுவே, மதிய இடைவேளையில், ஆளைப் பிடித்து வந்து பரிசோதித்தால் அந்தத் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். அதையே 'அடிப்படை' என்று கோப்பில் வைத்துவிட்டால், தொழிலாளி நல்ல காதோடு வந்தவர் என்பது என்றென்றைக்கும் மறைந்துபோகும். பத்தாண்டின் பின்னர் ஒப்பிட்டால் 'பெரிய மாற்றம் இல்லையே' என்று சொல்லிவிடலாம். இது பெரும்பாலும் கவனயீனத்தால் நேர்வதாக இருக்கலாம். ஆனால் இந்தக் கவனயீனத்தால் நன்மையடைவது எப்போதும் ஒரே தரப்புத்தான் என்பதை ஒரு பத்திரிகையாளனால் கவனிக்காமல் இருக்க முடியாது.

பிரித்தானியாவில் 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் 80 டெசிபெலிலேயே தகவலும் பயிற்சியும் கொடுக்கவேண்டும் என்கின்றன. 85 இல் காதுக்காப்பும் செவிப்புலன் கண்காணிப்பும் கட்டாயம். ஆனால் அங்கேயும் காது போனபின் வரும் கதை வேறு. தொழில்சார் செவிட்டுத்தன்மைக்கான அரச கொடுப்பனவைப் பெறவேண்டுமானால், பட்டியலிலுள்ள தொழிலொன்றில் குறைந்தது பத்தாண்டு வேலை செய்திருக்கவேண்டும். அத்தொழிலை விட்டு ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். 1,000, 2,000, 3,000 ஹேர்ட்ஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு காதும் சராசரியாக 50 டெசிபெலாவது இழந்திருக்கவேண்டும். சத்தம் முதலில் அழிக்கும் 4,000 அந்தக் கணக்கிலேயே இல்லை! வீட்டுக்குள் திருடன் புகுந்த கதவை விட்டுவிட்டு மற்றக் கதவுகளைச் சோதிப்பது போன்றது இது.

இதன் பொருள் என்ன என்பதை டண்டி நகரம் காட்டுகிறது. வங்காளத்துச் சணலைத் துணியாக நெய்த ஸ்கொட்லாந்து நகரம் அது. தறிக்கூடங்களில் 100 டெசிபெலை ஒட்டிய சத்தம். நெசவாளரில் பெரும்பாலோர் பெண்கள். உதட்டசைவை வாசித்தே பேசிக்கொண்டவர்கள். 1965 இல் வெளியான ஆய்வொன்று அப்பெண்களின் செவிப்புலனை வேலை செய்த ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தது. 4,000 ஹேர்ட்ஸில் நேரும் இழப்பின் பெரும்பகுதி முதற் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே நேர்ந்துவிடுகிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. பேச்சுக்குரிய மற்ற அதிர்வெண்கள் பின்னர்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஆகவே காப்பாற்றவேண்டிய காலம் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதற் சில ஆண்டுகள். பதினெட்டு, இருபது வயதில், காதைப் பற்றி எவரும் நினையாத பருவத்தில்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டுக்குரியது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டுக்குரியது. கை துண்டிக்கப்பட்டால், கால் நசுங்கினால் திகதியும் நேரமும் சாட்சியும் உண்டு. காது எந்தத் திங்கட்கிழமை போனது என்று எவர் சாட்சி சொல்வார்? விபத்தை மனத்தில் கொண்டு எழுந்த ஒரு சிந்தனைக்குள் இருபதாண்டுத் தேய்மானத்தைப் புகுத்துவது எளிதன்று.

1996 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. கைத்தொழில் வலயங்களில் பகலில் 70 டெசிபெல், இரவில் 60 என்று எல்லை வகுத்தன. நல்ல விதிகள்தாம். ஆனால் அந்த அளவு எடுக்கப்படுவது காணியின் எல்லையில். மதிலுக்கு வெளியே குடியிருப்பவரின் தூக்கத்தை அவை காக்கின்றன. மதிலுக்கு உள்ளே, இயந்திரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்பவரை அவை பாரா. அயலவர் முறைப்பாடு செய்தால் அதிகாரி கருவியோடு வருவார். உள்ளே நிற்பவர் முறைப்பாடு செய்தால் வேலை போகும் என்று அஞ்சுவார். அரிசி ஆலைகள், மரக்காலைகள், கல்லுடைக்கும் இடங்கள், தேயிலைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். நானும் இவற்றில் பலவற்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். உரிமையாளரின் கண்ணாடி அறைக்குள் இருந்தே பெரும்பாலும் பேசியிருக்கிறேன். அந்த அறை அமைதியாகத்தான் இருக்கும்.

போர்மன் அண்ணையின் கதையை முடித்துவிடுகிறேன். வைத்தியர் எடுத்த வரைபை வைத்துக்கொண்டு அவர் தாம் பணியாற்றிய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான். நட்டஈடு என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு காதுக்கும் கருவி வாங்க உதவி கேட்டோம். மரியாதையான பதில் வந்தது. குறைபாடு வயதின் காரணமாக ஏற்பட்டதாக இருக்கலாம் என்றும், சேவைக் காலத்தில் அவருக்குச் செவிப்புலன் குறைந்ததாக எந்தப் பதிவும் இல்லை என்றும் அதில் இருந்தது. பதிவு இல்லை என்பது உண்மை. எவரும் பரிசோதிக்காதபோது பதிவு எங்கிருந்து வரும்? அவர் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு கருவி வாங்கினார், ஒரு காதுக்கு மட்டும். கருவி சத்தத்தைக் கூட்டியதே தவிர, இழந்த மெய்யெழுத்துகள் அனைத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரும்பாலும் அது மேசை இலாச்சியில் கிடந்தது.

புலம்பெயர்ந்தோரிடையே இந்தக் கதைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. என்னோடு படித்த நண்பன் ஒருவன் ரொறன்ரோவில் உலோகத் தகடு அழுத்தும் ஆலையொன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தான். காது கெட்டது, விண்ணப்பித்தான். படிவத்தில், வெடியோசைக்கோ துப்பாக்கிச் சத்தத்துக்கோ உள்ளாகியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக் காலத்தில் அவனது வீடு அதிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் இருந்தது. நேர்மையானவன், 'ஆம்' என்று எழுதினான். அதன் பிறகு அவனோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தது. ஆலை தந்த இழப்பு எவ்வளவு, எறிகணை தந்தது எவ்வளவு?

வெடிப்பு ஒன்று ஒரே கணத்தில் மயிர்க்கலங்களை அழிக்கக்கூடும், செவிப்பறையைக் கிழிக்கவும்கூடும். வெடித்த திசையைப் பார்த்திருந்த காது மற்றதைவிட அதிகம் கெடுவது உண்டு. இந்த வித்தியாசங்களை நிபுணர் ஆராயலாம். ஆனால் செவிப்புலன் வரைபு காரணம் சொல்லாது. எங்கே எவ்வளவு குறை என்று மட்டுமே சொல்லும். ஆலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எடுத்த வரைபு ஒன்று இருந்திருந்தால், அதுவரை ஊரில் நடந்தது அனைத்தும் அந்தத் தாளில் அடங்கியிருக்கும். அதற்குப் பின்னர் நடந்தது ஆலையின் கணக்கு. அந்தத் தாள் இல்லாத காரணத்தால், வடக்கிலும் கிழக்கிலும் பிறந்த எங்கள் தலைமுறையினர் எந்த நாட்டில் எந்த ஆலையில் காதை இழந்தாலும், பழி ஊரிலேயே விழுந்துவிடுகிறது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சத்தத்துக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள் முதற் பரிசோதனையும் பின்னர் ஆண்டுக்கொரு பரிசோதனையும் கட்டாயம். ஈழத்தமிழர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவிலோ, 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சத்த ஒழுங்குவிதி 85 டெசிபெல் எல்லையையும் மூன்று டெசிபெல் கணக்கையும் கொண்டுவந்தது, சரியான கணக்கு. ஆனால் தொழிலாளியின் காதைப் பரிசோதிக்குமாறு அது முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல முதலாளிகள் தாமாகச் செய்கிறார்கள். நண்பனின் முதலாளி அவ்வாறானவர் அல்லர்.

தொழிலாளர் பரிசோதனையை விரும்புவதில்லை என்றொரு வாதம் உண்டு. அது பொய்யன்று. 'காது மந்தம்' என்று தாளில் எழுதப்பட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், அல்லது சம்பளம் குறைந்த பகுதிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அந்த அச்சத்துக்கு முகாந்திரமும் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நல்ல காது உள்ளவரை மட்டும் எடுத்து, கெட்டபின் வெளியே அனுப்புவதற்கான கருவியாகவே பரிசோதனை பயன்படுமானால் அது இல்லாதிருப்பதே மேல். ஆகவே, பரிசோதனை முடிவைக் காட்டி ஆளை நீக்கக்கூடாது என்ற பாதுகாப்பும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும். இயந்திரத்தை மாற்று, மூடு, தூரப்படுத்து, இல்லையேல் அங்கு நிற்கும் நேரத்தைக் குறை என்பதே பரிசோதனையின் விளைவாக இருக்கவேண்டும். வருடாவருடம் காது எவ்வளவு போயிற்று என்று அழகாகப் பதிவுசெய்து கோப்பில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. அது ஒரு வகை ஈமக் கணக்கு.

மறுபுறம், தொழிலாளி நடிக்கிறார் என்ற சந்தேகம். வழமையான பரிசோதனையில் காதுக்கருவியில் ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். கேட்டும் அழுத்தாமல் இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 1978 இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான உட்காது ஒலியைக் கேட்பதோடு தானே மெல்லிய ஒலியொன்றைத் திருப்பி வெளியிடுகிறது என்று கண்டறிந்தார். அதை அளப்பதற்கு எவரும் பொத்தானை அழுத்தத் தேவையில்லை. பிறந்த குழந்தைகளின் காதைச் சோதிக்க இன்று உலகெங்கும் பயன்படுவது இந்த முறை. நடிப்பைக் கண்டுபிடிக்க வேறு வழிகளும் உண்டு. சந்தேகப்படுவதற்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியில் பாதியைச் சத்தத்தை அளக்க எடுத்திருக்கலாம்.

உண்மையில், வரைபு மிகைப்படுத்துவதைவிடக் குறைத்துக் காட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். 2009 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஷரன் குஜாவாவும் சார்ள்ஸ் லிபர்மனும் எலிகளில் செய்த ஆய்வில், சத்தத்தின் பின்னர் கேட்டல் அளவு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தும், மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பெரும்பங்கு நிரந்தரமாக அழிந்திருப்பதைக் கண்டார்கள். மனிதரிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் வரைபு சீராக இருந்தும் சந்தைக்குள் நின்றால் ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லும் தொழிலாளியைப் பொய்யன் என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்கவேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். வெறும் ஒலிகளைக் கொண்டு செய்யும் சோதனைக்கு மொழி தேவையில்லை. பேச்சு விளங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்குத் தேவை. ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்து எங்கள் பெரியவர்களைச் சோதித்தால், காது விளங்கவில்லையா மொழி விளங்கவில்லையா என்று சோதிப்பவருக்குத் தெரியாது. கொழும்பில் சிங்களத்தில் சோதித்தாலும் அதே சிக்கல்தான். களனிப் பல்கலைக்கழகம் ராகமையிலுள்ள தனது மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு நடத்துகிறது. தமிழ் மாணவர்களை அந்தத் துறைக்கு அனுப்பும்படி எங்கள் பாடசாலை அதிபர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவேண்டியதில்லை.

சட்டம் மாறுவதற்குக் காலம் எடுக்கும். அதுவரை, இதை வாசிக்கும் நீங்களோ உங்கள் பிள்ளைகளோ, கைநீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்தவேண்டிய இடத்தில் வேலை செய்பவராயின், அந்த இடம் ஏறத்தாழ 85 டெசிபெலை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். முதல் மாதத்திலேயே ஒரு செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுவனம் செய்வித்தால் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். செய்விக்காவிட்டால் சொந்தச் செலவில் செய்துகொண்டு, கடவுச்சீட்டு வைத்திருக்கும் கோப்பிலேயே அதையும் வையுங்கள். ஒரே ஒரு தாள்தான். அதில் திகதி இருக்கிறதா, 3,000, 4,000, 6,000 ஹேர்ட்ஸ் மூன்றும் குறிக்கப்பட்டுள்ளனவா, முதல் நாள் இரவு எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதினார்களா என்பதைப் பார்த்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள்.